அரை நிமிட வேக ஓட்டம்: சுகர் ஏறுகிறதே, கார்டிசாலா?

தறிக்காரன்:
ஒரு சந்தேகமுங்க. காலிங்கராயன் வாய்க்கால் கரையில் காலையில் 30 நொடி உயிரைக் கொடுத்து ஓடுவேன், அப்புறம் மூன்று நிமிடம் நடை, இப்படி ஆறு தடவை. ஜிம்முக்குப் போகிற மச்சான், "கார்டிசால்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிச் சதையெல்லாம் கரைஞ்சுரும்" என்கிறான். அது கிடக்கட்டும், நேற்று அப்பாவின் மெஷினில் சுகர் பார்த்தால் ஓடுவதற்கு முன் 98, ஓடி வந்ததும் 131. குடித்தது சர்க்கரை போடாத வரக்காப்பி மட்டும். ஓடினால் குறையத்தானே வேணும்?

நொய்யல்கரை:
நிதானமாக நடந்தால் குறையும். முழு வேகத்தில் ஓடினால் சில நொடிகளிலேயே, சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும், அது ஈரலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையை ரத்தத்தில் விடும். வயல் குடிப்பதைவிட மடையில் வரத்து அதிகமானால் தண்ணீர் நிற்கத்தானே செய்யும், அதுதான் உங்கள் 131. அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பாதியாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்க.

கார்டிசால் சோம்பேறி. மூளையில் இருக்கிற ஹைப்போதலாமஸ் அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்கிற ஹார்மோனை அனுப்பி, அதற்கப்புறம்தான் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி அதைத் தயாரிக்கவே தொடங்கும். நீங்கள் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி உட்கார்ந்த பிறகுதான், ஓடி 15, 30 நிமிடம் கழித்து, உச்சத்துக்கு வரும், பிறகு தானாக இறங்கிவிடும். சதை கரைய அது மாதக்கணக்கில் இறங்காமல் நிற்க வேண்டும், குஷிங் நோய் வந்தவர்களுக்கு நிற்கிற மாதிரி. மச்சானிடம் சொல்லுங்க.

மஞ்சள்காடு:
வரக்காப்பியையும் கணக்கில் சேருங்க, காஃபீனும் அட்ரினலினை ஏற்றும். தூங்கி எழுந்த அரை மணி, முக்கால் மணியில் கார்டிசால் எப்படியும் உச்சத்தில்தான் இருக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். அந்தக் கரையில் என்னை நாய் துரத்தியிருக்கிறது, அன்றைக்கு மெஷின் இருந்திருந்தால் எனக்கும் 131தான்.

தறிக்காரன்:
எழுந்து எங்கீங்க ஓடுறது, தறிக்குடோனில் நைட் ஷிப்ட் முடித்து நேராக அங்கேதான் போகிறேன்.

நொய்யல்கரை:
அட, அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! தூக்கம் கெட்டால்தான் கார்டிசாலின் ஏற்ற இறக்கமே தடம் மாறும், நீங்கள் பயப்பட வேண்டியது அதற்கு. நைட் ஷிப்ட் வாரத்தில் நடையோடு நிறுத்திக்கோங்க, ஓட்டத்தைப் பகல் ஷிப்ட் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்க. அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் நீங்களும் எச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிடுங்க, மூன்று மாதச் சுகர் சராசரியைச் சொல்லும். ஓடும்போது நெஞ்சு அடைத்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்க.

தறிக்காரன்:
இன்றைக்கு ஓடி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 102. ஸ்ட்ரிப்பை வீணாக்குகிறேன் என்று அப்பாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.