புதுப்பிப்பு: வெளிநாடு போகாமல் மொழியில் மூழ்க முடியுமா?

வெளிநாடு செல்லாமலே ஒரு மொழியில் முழுமையாக மூழ்கிப் பயில முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது தங்கிப் படிக்கும் பிரெஞ்சுப் பயிற்சி ஒன்றை முடித்திருக்கிறேன். தாராளமாக முடியும். விதி மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில், 1915இல் ஜெர்மன் பள்ளியோடு தொடங்கிய கோடைக்கால வகுப்புகளில், பயிலும் மொழியை மட்டுமே பேசுவோம் என்று மாணவர்கள் கையெழுத்திட்டுத் தருகிறார்கள். எங்களுக்கும் அதே ஏற்பாடுதான். சாப்பாட்டு மேசையிலும் விலக்கில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது தொலைபேசிப் பயிற்சி. ஆசிரியர் மருத்துவமனை வரவேற்பாளராகத் திரைக்குப் பின்னால் அமர்ந்துகொள்வார். முகம் தெரியாது, சைகையால் சமாளிக்கவும் வழியில்லை. வயிற்றுவலி எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்றெல்லாம் சொல்லி மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்க வேண்டும். 'போன்ஜூர்' சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் அவர் குரலே இறுகிவிடும்! பிரெஞ்சுக்காரர்களிடம் அந்த முகமன் எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு குறையும் உண்டு. ஆசிரியர்கள் நமக்காக நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள். வெளியுலகம் அப்படிப் பேசாது. அதற்கு வானொலி விவாதங்களைத் தினமும் கேட்கிறேன்.

சேர நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, வகுப்பு முடிந்த பிறகும் ஆசிரியர்கள் உடன் தங்குகிறார்களா என்பதைத்தான். மாலையில் அவர்கள் கிளம்பிவிடும் இடத்தில் எல்லோரும் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார்கள்.