எந்த அனிமே பாத்திரத்தில் உங்களைப் பார்த்தீங்க? அனுபவத்தைச் சொல்லுங்க

பாலத்தோரம்:
பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னா நீங்க எந்த அனிமே பாத்திரம்னு சொல்லுற சோதனைகள் இருக்கே, அதுல எனக்கு எப்பவும் 'ஸ்பிரிட்டட் அவே' ஹாக்குதான் வருவான். அமைதியானவன், சொன்ன வாக்கைக் காப்பாத்துறவன், ஆத்தோட ஆவி. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா அந்தக் கேள்விகளுக்கு நாம ஆசைப்படுற ஆளாத்தான் பதில் சொல்றோம்.

போன வருஷம் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். மியாசாகியோட 2001 படம், ஆவிகள் வந்து குளிக்கிற குளியல் விடுதியில மாட்டிக்கிற சிஹிரோங்கிற சின்னப் பொண்ணு கதை. காலேஜ்ல பார்த்தப்போ சிஹிரோ கூடவே ஓடினேன். இந்தத் தடவை பாலத்துல முகமூடியோட நிக்கிற காவோநாஷி மேலேயே கண்ணு நின்னுடுச்சு. மழையில வெளிய நிக்கிறானேன்னு சிஹிரோ கதவைத் திறந்து வெச்சுட்டுப் போவா. அந்த ஒரு தயவுக்காக அவன் குளியல் சீட்டுகளை கை நிறைய அள்ளி நீட்டுவான். இவ்வளவு வேண்டாம்னு அவ சொன்னதும் அப்படியே மங்கி மறைஞ்சுபோவான். அந்த இடத்துல படத்தை நிறுத்திட்டேன்.

பெங்களூர்ல முதல் வேலை, ஹாஸ்டல் வாசம். தினம் சாயங்காலம் எட்டுப் பேருக்கு பஜ்ஜியோ பஃப்ஸோ வாங்கிட்டுப் போவேன். மாசக் கடைசியில என் சாப்பாட்டுக்குக் காசு இருக்காது. ஒரு நாள் ஒருத்தி, "எதுக்குப்பா தினமும், வேண்டாம்"னா. ரூமுக்குப் போய் விளக்கைக்கூடப் போடாம உக்காந்திருந்தேன். காவோநாஷிக்குச் சொந்தக் குரல் கிடையாது. "ஆ, ஆ"ன்னு மட்டும்தான் வரும். தவளையை விழுங்கினப்புறம் தவளைக் குரல்ல பேசுவான். நானும் கோயம்புத்தூர்ப் பொண்ணுகிட்ட 'ஏனுங்க', திருநெல்வேலிப் பொண்ணுகிட்ட 'ஏட்டி'. எங்க ஊர்ப் பேச்சு எப்படின்னு எனக்கே மறந்துபோச்சு.

அவனைக் கடைசியில யாரும் அடிச்சுத் திருத்தல. ஜெனிபா பாட்டி வீட்டுல உக்காரவெச்சு நூல் நூற்கக் கொடுப்பாங்க. அவ்வளவுதான். எனக்கு மூணாவது மாடி அக்கா. ஆரி வேலை சொல்லிக்கொடுத்தாங்க. அங்க போறப்போ நான் எதையும் வாங்கிட்டுப் போக வேண்டியதில்ல.

உங்க கதையைச் சொல்லுங்க. சோதனையில என்ன வந்ததுன்னு வேண்டாம். எந்தக் காட்சியில 'இது நான்'னு பட்டுச்சு?

ஏழாவதுவீடு:
'நட்சுமே யூஜின்சோ' தொடர்ல வர்ற நட்சுமே. யோசிக்கவே வேண்டாம். அம்மா தவறினதுக்கப்புறம் பெரியப்பா வீடு, சித்தி வீடு, மாமா வீடுன்னு சுத்தி, அத்தை வீட்டுக்கு வந்து நின்னப்போ எனக்குப் பதிமூணு வயசு. அவனும் சொந்தக்காரங்க வீடு வீடா மாறி, கடைசியில ஃபுஜிவாரா தம்பதிகிட்ட வர்றவன். அவன் கண்ணுக்கு யோகாய்கள், அதாவது ஜப்பானியக் கதைகள்ல வர்ற ஆவிகள், தெரியும், அதை வாயைத் திறந்து சொல்ல மாட்டான். சொன்னா இந்த வீடும் போயிடுமோன்னு பயம். எனக்கு யோகாய் தெரியாது, ஆனா அந்தப் பயம் அப்படியே தெரியும். ஒரு தடவை மூணு நாள் காய்ச்சலை மறைச்சேன். அத்தை மாத்திரை அட்டையைப் பார்த்துட்டாங்க. திட்டல. "இது யார் வீடுன்னு நெனச்சே?"ன்னு மட்டும் கேட்டாங்க. இன்னிக்கும் அந்த வீட்டம்மா டோக்கோ அவனுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிற காட்சி வந்தா எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொண்ணும் உண்டு. அவன் பாட்டி ரெய்க்கோ யோகாய்களைப் பந்தயத்துல ஜெயிச்சு எழுதி வாங்கின அதுங்க பேர்களை அவன் ஒவ்வொண்ணாத் திருப்பித் தருவான். தாளை வாயில கவ்வி, கையைத் தட்டி, மூச்சை ஊதுவான். அப்போ அந்த யோகாயோட நினைவெல்லாம் அவனுக்குள்ள ஓடும், அப்புறம் துவண்டு விழுவான். யார் கஷ்டத்தையாவது உக்காந்து கேட்டா, மறுநாள் நான் எழுந்திருக்க மாட்டேன். இது பலவீனம்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன்.

ஆற்றங்கரை:
@ஏழாவதுவீடு நான் ஃபுகுஓகாவில் வேலை பார்க்கிறேன். நட்சுமேயின் ஊருக்கு முன்மாதிரியான ஹிதோயோஷிக்கு ஒரு முறை போனேன். குமமோட்டோ மாகாணத்தில், குமா ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். 2020 ஜூலை வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் புகுந்து ரயில் பாதையையும் சிதைத்துவிட்டது, அதனால் பஸ்ஸில்தான் போனேன். தொடரில் பார்த்த அதே பச்சை. ஆலமரத்தடிச் சாமி மாதிரி வயல் ஓரங்களில் ஜிசோ என்கிற காவல் தெய்வத்தின் சின்னச் சின்னக் கல் சிலைகள். 2008-ல் முதல் பருவம் வந்த தொடருக்கு 2024-ல் ஏழாவது பருவம் ஏன் வந்தது என்று அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது.

குணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது பற்றி ஒன்று. இங்கே ரத்த வகையை வைத்தே குணம் சொல்லும் பழக்கம் உண்டு. 1927-ல் ஃபுருகாவா டகேஜி எழுதிய கட்டுரையில் தொடங்கி, 1971-ல் நோமி மசாஹிகோவின் புத்தகத்தால் பரவியது. அறிவியல் ஆதாரம் கிடையாது. அப்படியும் பல அனிமே பாத்திரங்களின் குறிப்பில் பிறந்தநாளோடு ரத்த வகையும் போட்டிருப்பார்கள். எனக்கு அந்த ரத்த வகையைவிட @பாலத்தோரம் சொன்ன குளியல் சீட்டுதான் பெரிசு.

மலைப்பாதை:
நான் விதைக் கம்பெனியில் கள வேலை. மாசத்துல இருபது நாள் வெளியூர். 'முஷிஷி' தொடரைப் பார்த்ததும் கிங்கோதான் நான்னு முடிவு பண்ணிட்டேன். முதுகுல மரப்பெட்டி, வாயில சிகரெட்டு, ஊர் ஊரா நடை. 2005-ல வந்த 26 எபிசோடையும் லாட்ஜ் ரூம்லயே பார்த்து முடிச்சேன்.

ரெண்டாந்தடவை பார்த்தப்போதான் உறைச்சுது. கிங்கோ ஆசைப்பட்டு அலையல. அவனைத் தேடி முஷிங்கிற, சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வந்து கூடும், ஒரே இடத்துல தங்கினா அந்த இடத்துக்குக் கெடுதல். அதனாலதான் கிளம்பிட்டே இருக்கான். இதை வீட்டுல சொன்னப்போ மனைவி கேட்டா: "உங்களுக்கு வீட்டுல இருக்கப் பிடிக்கலையா, இல்ல நீங்க இருந்தா ஏதாவது கெட்டுப்போகும்னு பயமா?" எங்கப்பா வீட்டுல இருந்த நாளெல்லாம் சண்டை நாள்தான். பதில் சொல்ல முடியல. இன்னும் சொல்லல.

ரெட்டைஜடை:
@மலைப்பாதை அண்ணா, அண்ணி ரொம்ப சரியான கேள்வி கேட்டிருக்காங்க.

நான் 'டீமன் ஸ்லேயர்'ல வர்ற நெசுக்கோ. கோபம் வந்தா வாயைத் திறக்க மாட்டேன், போய்ப் படுத்துத் தூங்கிடுவேன். அரக்கியா மாறினாலும் வாயில மூங்கிலைக் கவ்விக்கிட்டு, மனுஷங்களைத் தின்னாம தூங்கியே பலத்தை மீட்டுக்கிறவ அவ. 2025 செப்டம்பர்ல அந்தத் தொடரோட 'இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ் டப்பிங்கோட வந்தப்போ தம்பியையும் கூட்டிட்டுப் போனேன். "அக்கா, உனக்கும் வாயில மூங்கில் இருக்கு"ன்னான். அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா அவன்கிட்ட மனசு விட்டுப் பேசினேன்.

சுண்ணக்கட்டி:
டியூஷன் எடுக்கிறேன், பதினாறு வருஷமா. ஒரு பையன் "சார், நீங்க ரெய்கன் மாதிரி" என்றான். வீட்டுக்குப் போய் ரெய்கன் வருகிற 'மாப் சைக்கோ 100' தொடரைப் பார்த்தேன். ரெய்கன் பேய் ஓட்டுகிறவன் என்று சொல்லி உப்பைத் தூவுகிற ஆள், சக்தி துளியும் இல்லாதவன் என்று தெரிந்ததும் மனசு வலித்தது. எனக்கும் பெரிய பட்டம் கிடையாது.

ஆனால் தொடர்ந்து பார்த்தேன். நிஜமான சக்தி உள்ள சின்னப் பையன் மாப் பயந்துபோய் அவனிடம் வருகிறான். கத்தியை யார் பக்கமும் நீட்டக் கூடாது, சக்தியும் அப்படித்தான், அது இருப்பதால் மட்டும் நீ மற்றவர்களைவிட உசத்தியில்லை என்று ரெய்கன் சொல்லி அனுப்புகிறான். அந்தப் பையனுக்கு அன்று தேவைப்பட்டது அதுதான். என்னிடம் வந்த பையனும் கணக்கில் புலி, வகுப்பில் யாரையும் மதிக்காதவன். அவனை நான் ஒரு நாள் தனியாக உட்காரவைத்துப் பேசியதைத்தான் அவன் சொல்லியிருக்கிறான். பிறகு கேட்டேன். "ஆமா சார், வேற என்ன?" என்றான்.

பாலத்தோரம்:
சார், இதைப் படிச்சு அழுதுட்டேன். @ஏழாவதுவீடு, அத்தை இப்போ எப்படி இருக்காங்க?

ஏழாவதுவீடு:
நல்லா இருக்காங்க. நேத்து ஃபோன்ல நட்சுமே கூடவே இருக்கிற பூனை நியாங்கோ சென்செய் படத்தைக் காட்டினேன். "நல்லா கொழுகொழுன்னு இருக்கே, யாரு சோறு போடுறா?"ன்னு கேட்டாங்க. டோக்கோன்னு ஒருத்தங்க இருக்காங்க அத்தை, உங்களை மாதிரின்னு சொன்னேன்.