ரிப்போர்ட்டைத் தமிழில் விளக்கும் ஆப்: எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது?

பார்வதிபுரம்_நிரலர்:

நாகர்கோவில்ல சின்ன டீமா ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செய்துட்டு இருக்கோம். லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எதுவானாலும் போட்டோ எடுத்தா தமிழ்ல விளக்கம் வரணும். சுகர், பிரஷர், கிட்னின்னு வருஷக்கணக்கா மருந்து சாப்பிடுறவங்களுக்காகத்தான் இது. இவங்க கையில ஒரே இடத்துத் தாள் இருக்காது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் சீட்டு, மார்த்தாண்டத்து லேப் ரிப்போர்ட், திருவனந்தபுரத்துல அட்மிட் ஆகி வந்த சம்மரி எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவர்ல மடங்கிக் கிடக்கும்.

இப்போதைய பிளான்: ஓசிஆர் (போட்டோவுல இருக்குற எழுத்தைப் படிக்கிற மென்பொருள்) வெச்சுத் தாளைப் படிச்சு, கிடைச்சதை அப்படியே ஒரு ஏஐ மாடலுக்கு அனுப்பி எளிய தமிழ்ல எழுதி வாங்குறது. இது சரியான வழியா? நார்மல் அளவுகளை நாங்களே ஒரு டேபிளா ஆப்புக்குள்ள வெச்சுக்கலாமா? ஆபா (அரசோட டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு) இணைப்பு முதல் வெர்ஷன்லயே வேணுமா?

லேப்_மேசை:

டேபிள் பத்தி மட்டும் நான் சொல்றேன். வேண்டாம் தம்பி. மிஷின் மாறினா, டெஸ்ட் முறை மாறினா, நார்மல் அளவும் மாறும். அந்தந்த ரிப்போர்ட்டுல அச்சடிச்சிருக்குற அளவையே எடுத்து, அதே வரியில காட்டுங்க. அது இல்லாத ரிப்போர்ட்டுக்கு "அளவு குறிப்பிடப்படவில்லை"ன்னு போடுங்க, நீங்களா நிரப்பாதீங்க. ஹீமோகுளோபினையே எடுத்துக்குங்க. உலக சுகாதார நிறுவனக் கணக்குல ரத்தசோகைக்கான எல்லை ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11, அதுலயும் நடு மூணு மாசத்துக்கு 10.5. வயசும் கர்ப்பமும் தெரியாம சிவப்பு அடிச்சா, நல்லா இருக்குற பொண்ணைப் பயமுறுத்தி அனுப்புவீங்க.

அடுத்தது யூனிட். நம்ம மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா வளைகுடாவுல எடுத்த ரிப்போர்ட்டோட ஊருக்கு வர்றவங்க நிறைய. அங்கே சுகர் மில்லிமோல்ல வரும். 7.0னு இருந்தா நம்ம மில்லிகிராம் கணக்குல 126, அதாவது 18ஆல பெருக்கணும். கிட்னிக்குப் பார்க்குற கிரியாட்டினின் மைக்ரோமோல்ல 97னு இருந்தா, 88.4ஆல வகுத்தா 1.1. மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற எச்பிஏ1சி மில்லிமோல் கணக்குல 48னு வந்தா அது 6.5 சதவீதம். யூனிட்டைப் படிக்காம 97ஐ மட்டும் படிச்சு "கிட்னி போச்சு"ன்னு ஆப் சொன்னா என்ன ஆகும்? பிளேட்லெட்டும் அப்படித்தான்: ஒரு லேப் 2.1 லட்சம்னு போடும், இன்னொண்ணு ஆயிரக் கணக்குல 210னு போடும், ரெண்டும் ஒண்ணுதான். யூனிட் படிக்க முடியலைன்னா அந்த வரிக்கு விளக்கமே தரக்கூடாது.

புள்ளி விட்டுப் போறதுதான் ஓசிஆர்ல பெரிய ஆபத்து. தாள் மடிஞ்ச கோடு சரியா எண் மேல ஓடும், தெர்மல் பேப்பர்னா மங்கிப் போயிருக்கும். 1.1 கிரியாட்டினின் 11 ஆகிடும். "வர வாய்ப்பே இல்லாத அளவு"ன்னு ஒரு எல்லை வெச்சு இதைப் பிடிக்க முடியாது, டயாலிசிஸ் பண்றவங்களுக்கு 11 நிஜமாவே வரும். அதனால எண் இருக்குற இடத்தை மட்டும் போட்டோவுல இருந்து வெட்டி, பெருசாக்கி, படிச்ச எண்ணுக்குப் பக்கத்துல வெச்சு "இதுதானா?"ன்னு கேளுங்க. போன தடவை எண்ணைவிட ரெண்டு மடங்குக்கு மேல மாறியிருந்தா அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக விடாதீங்க.

ரிப்போர்ட் அடியில பொடி எழுத்துல இருக்குற குறிப்பையும் விடாதீங்க. ரத்த அணு உடைஞ்ச சாம்பிள்னு எழுதியிருந்தா பொட்டாசியம் பொய்யா ஏறிக் காட்டும்.

தக்கலை_பார்மசி:

மருந்துச் சீட்டுக்கு வருவோம். கையெழுத்துச் சீட்டை ஓசிஆர்ல படிக்கிற முயற்சியை முதல் வெர்ஷன்ல விட்டுடுங்க. மாத்திரைப் பட்டையைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. மூலப்பெயரும் (பிராண்ட் பேர் இல்ல, உள்ளே இருக்குற மருந்தோட பேர்) மில்லிகிராமும் அதுல அச்சுல இருக்கும். அதிகம் விக்கிற 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம். மூலப்பெயர், பேட்ச், காலாவதி எல்லாம் அதுலயே கிடைக்கும். பட்டையில இடமில்லைன்னா வெளி அட்டைப்பெட்டியில இருக்கும், அதையும் ஸ்கேன் பண்ண வழி வைங்க. நாலு மாத்திரைன்னு வெட்டிக் கொடுத்த பட்டையில பேர் பாதிதான் இருக்கும். அப்போ "முழுப் பட்டை வேண்டும்"னு கேட்டு நிறுத்துங்க, பாதிப் பேரை வெச்சு யூகிக்க வேண்டாம்.

இந்த ஆப் ஒரே ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சாலும் போதும்னு நான் நினைக்கிறது இதைத்தான்: ஒரே மருந்து ரெண்டு பேர்ல வர்றதைக் கண்டுபிடிக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து சுகருக்கு மெட்ஃபார்மின் 500 கொடுப்பாங்க. அதே ஆள் தனியார் ஆஸ்பத்திரியிலயும் காட்டியிருப்பார், அங்கே மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1 சேர்ந்த கூட்டு மாத்திரை எழுதியிருப்பாங்க. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கலரு. பேரு வேற, அட்டை வேற. ரெண்டும் வேற வேற மருந்துன்னு நினைச்சு ரெண்டையும் போடுவார். கிளிமிபிரைடே ரெண்டு பக்கத்துலயும் இருந்துட்டா சுகர் சடார்னு இறங்கி மயக்கம் போட்டு விழுவார். அதனால பிராண்ட் பேரை வெச்சு ஒப்பிடாதீங்க, கூட்டு மாத்திரையை அதுல இருக்குற மூல மருந்துகளாப் பிரிச்சு ஒப்பிடுங்க. பொருந்தினா "ஒன்றை நிறுத்துங்கள்"னு ஆப் சொல்லக்கூடாது. "இரண்டிலும் மெட்ஃபார்மின் இருக்கிறது. இரண்டு பட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்" அவ்வளவுதான்.

சுருக்கெழுத்தையும் கவனிக்கணும். ஓடி (OD)ன்னா தினம் ஒரு தடவை. கண் டிபார்ட்மென்ட் சீட்டுல அதே ஓடி வலது கண். எந்த டிபார்ட்மென்ட்னு தெரியாம அதுக்கு விளக்கம் கொடுக்கவே கூடாது. மெத்தோட்ரெக்சேட் மாதிரி வாரம் ஒரு தடவை போடுற மாத்திரைக்குக் காலை, மதியம், இரவு கட்டம் போட்ட திரையைக் காட்டாதீங்க, கிழமையைக் காட்டுங்க. மூட்டுவாதத்துக்குக் கொடுக்குற அந்த மாத்திரையைத் தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து.

குழித்துறை_மருத்துவர்:

லேப், பார்மசி நண்பர்கள் சொன்னதோடு டிஸ்சார்ஜ் சம்மரியைப் பற்றிச் சேர்க்கிறேன். அதை முழுக்க மொழிபெயர்க்க வேண்டாம். நோயாளிக்குத் தேவையானது நான்குதான்: எதற்காகச் சேர்த்தார்கள்; என்ன செய்தார்கள்; எந்த மருந்து புதிது, எது நிறுத்தம், எதன் அளவு மாறியது; எப்போது திரும்ப வரவேண்டும், என்ன நடந்தால் உடனே வரவேண்டும். மூன்றாவதான மருந்து விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சம்மரியில் இல்லாத பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா, எழுத மறந்தார்களா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மாத்திரைகளைத் தனியாகப் பிரித்து "கேட்க வேண்டியவை" என்ற தலைப்பில் வையுங்கள்.

ஏஐ மாடலைக் கட்டற்று எழுத விடுவதில் எனக்குள்ள கவலை ஒரு கேள்விக்குறியைப் பற்றியது. டாக்டர் நோயின் பெயருக்கு முன் கேள்விக்குறி போட்டால் சந்தேகம் மட்டுமே என்று பொருள். மாடல் அதைத் தவறவிட்டால் "காசநோய் உள்ளது" என்று நோயாளி வாசிப்பார். பயாப்சியில் நெகட்டிவ் என்றால் நல்ல செய்தி, அதைக் கெட்டதென்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆகவே விளக்க வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி, ஒரு மருத்துவர் ஒப்புதல் தந்த பின் ஆப்பில் வையுங்கள். தாளில் எந்த வரி எந்த வாக்கியத்துக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பது மட்டும் மாடலின் வேலையாக இருக்கட்டும். அடிக்கடி வரும் டெஸ்ட்டுகளுக்கு இப்படி எழுதிவிடலாம், பெரிய வேலை இல்லை.

அந்த வாக்கியங்களை எழுதும்போது "உப்பு" என்ற சொல்லைத் தவிருங்கள். யூரியா, கிரியாட்டினின் ஏறியிருந்தாலும் உப்பு என்கிறோம், சோடியம் குறைந்திருந்தாலும் உப்பு என்கிறோம். "உப்பு குறைவு" என்று படித்த இதய நோயாளி சாப்பாட்டில் உப்பைக் கூட்டினால் கால் வீங்கி, மூச்சு வாங்கித்தான் திரும்ப வருவார். சோடியம், கிரியாட்டினின் என்றே எழுதுங்கள். எச்ஐவி, பயாப்சி, கர்ப்பப் பரிசோதனை முடிவுகள் நோட்டிஃபிகேஷனில் வரக்கூடாது, தானாகச் சத்தமாக வாசிக்கவும் கூடாது. வீட்டில் ஒரே போன் எத்தனை பேர் கையில் புழங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

பார்வதிபுரம்_நிரலர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏஐ எழுதுற பகுதியை எடுத்துட்டு, டாக்டர் ஒப்புதல் தந்த வாக்கியங்களோட போறோம். ரெண்டு சந்தேகம் மட்டும்: தமிழ் ஓசிஆர் தேவையா? ஆபா பத்தி யாராவது சொல்லுங்களேன். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டுற வசதியும் வைக்கணும்.

கடலோரம்_டெவ்:

ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ்ல வர்றதால லத்தீன் எழுத்து ஓசிஆர் போதும். கூகுளோட எம்எல் கிட் போன்லயே ஓடும், தாள் வெளியே போகாது. அதுல தமிழ் எழுத்து கிடையாது, இந்த வேலைக்கு அது தடையும் இல்லை. மருந்துப் பட்டியலும் கடைசி ரிப்போர்ட்டும் நெட் இல்லாம திறக்கணும். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போறவங்க வாரக்கணக்குல கரைக்கு வர மாட்டாங்க, அங்கே சிக்னல் ஏது.

ஆபா 14 இலக்க எண். உங்க ஆப் நோயாளி தானே வெச்சுக்குற சுகாதாரப் பதிவு, அதாவது பிஎச்ஆர் வகையில வரும். சாண்ட்பாக்ஸ்ங்குற ஆபாவோட சோதனைத் தளத்துல பதிவு பண்ணி, சோதனை முடிச்சு, அப்புறம்தான் நிஜத் தரவு கிடைக்கும். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனா முதல் நாள்ல இருந்தே தரவை எஃப்எச்ஐஆர் ஆர்4 (மருத்துவத் தரவைப் பரிமாறுறதுக்கான பொது வடிவம்) வடிவத்துல சேமிங்க, டெஸ்ட்டுகளுக்கு லாயிங்க் (ஒவ்வொரு லேப் டெஸ்ட்டுக்கும் உலகப் பொது எண்) கோடு போடுங்க. எச்பிஏ1சிக்கு 4548-4, சீரம் கிரியாட்டினினுக்கு 2160-0. மூணு லேப் மூணு பேர்ல எழுதினாலும் அப்போதான் ஒரே கிராஃப்ல வரும். பின்னாடி ஆபா சேர்க்கும்போது திருப்பி எழுதவும் வேண்டாம்.

டோஸ் மாத்தச் சொல்றது, நோய் இன்னதுன்னு சொல்றது பக்கமே போகாதீங்க. மத்திய அரசோட 2020 பிப்ரவரி அறிவிக்கையில மருத்துவக் கருவிங்குற வரையறைக்குள்ள சாஃப்ட்வேரும் வந்தாச்சு.

வாசிக்கிற வசதிக்குத் தனியா ஒரு எழுத்துப் பிரதி வைங்க. திரையில 1-0-1னு இருக்குறதைத் தமிழ்க் குரலுக்கு அப்படியே கொடுத்தா போனுக்குப் போன் வேற மாதிரி வாசிக்கும், சிலது கழித்தல் கணக்காட்டம் சொல்லும். "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு"ன்னு முழுசா எழுதிக் கொடுங்க. யூனிட்டையும் "மில்லிகிராம்"னு விரிச்சு எழுதுங்க. எழுத்தளவை 200 சதவீதம் ஆக்கினா தமிழ்ச் சொல் பட்டனுக்குள்ள அடங்காம வெட்டுப்படும். பட்டன் உயரத்தைக் கட்டிப் போடாம விட்டா அது சரியாகிடும்.