புதுப்பிப்பு: இரவு 11 மணி பேக்கப் பாதியில் நின்றதற்குக் காரணம் கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கணக்கு அலுவலகக் கணினியில் இரவு 11 மணிக்கு ஓடும் பேக்கப், தினமும் பாதியில் நின்றுவிடுகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள் சிலர். நல்லவேளை, அதற்கு முன் லாக் கோப்புகளை (மென்பொருள் தான் செய்வதை நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவுகள்) எடுத்து வைக்கச் சொன்ன அண்ணாவின் பேச்சைக் கேட்டேன். அழித்திருந்தால் லாக்கும் போயிருக்கும்.

விரிவான லாக்கை இயக்கி ஓர் இரவு ஓடவிட்டேன். அப்புறம் விண்டோஸின் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் இருந்த லாக் ஃபோல்டரை (புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் தெரியும்) அப்படியே நகலெடுத்தேன். 11 மணிக்கு நேராக ஒரு வரிகூட இல்லை! அரை நாள் இதிலேயே போனது. லாக் யூடிசி (உலகப் பொது நேரம்) படி எழுதப்படுகிறது; நம் இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். 17:30க்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் இருந்தது.

பேக்கப் கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் ‘வட்டில் இடமில்லை’ என்று பிழை. ஆனால் பேக்கப் சேமிக்கப்படும் வெளி வட்டில் பாதிக்கு மேல் காலி. வட்டு ஃபேட்32 வடிவம் (வட்டில் கோப்புகளை அடுக்கும் ஒரு பழைய முறை). அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருந்ததை வேறிடத்தில் வைத்துவிட்டு அந்த 4 ஜிபி வரம்பில்லாத என்டிஎஃப்எஸ் வடிவத்தில் ஃபார்மேட் செய்தேன். மூன்று இரவாக முழுசாக ஓடுகிறது, ஒரு கோப்பை மீட்டும் பார்த்துவிட்டேன்.

லாக்கை யாருக்காவது அனுப்புமுன் திறந்து பாருங்கள். எங்களுடையதில் வாடிக்கையாளர் பெயரிட்ட ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன.