லண்டனில் வாங்கிய பாக்கெட் ரேடியோ: டிஜிட்டல் ஸ்கேனில் ஒரு நிலையமும் வரவில்லை, பீஸ் பழுதா?

கும்மோணத்துக்காரன்:
வணக்கம். லண்டனிலிருந்து வந்த மச்சான் அப்பாவுக்கு ஒரு பாக்கெட் ரேடியோ வாங்கிவந்தார். டி.ஏ.பி. பிளஸ் (டிஜிட்டல் ரேடியோ), எஃப்.எம்., மெமரி கார்டில் எம்பி3, புளூடூத் எல்லாம் இருக்கிறது. இழுத்து நீட்டும் ஏரியல் மட்டும் இல்லை. அப்பாவுக்கு வேண்டியது திருச்சி ஆகாசவாணி, கொஞ்சம் பழைய பாட்டு, அவ்வளவுதான்.

டிஜிட்டல் ஸ்கேன் கொடுத்தால் கோடு கடைசிவரை ஓடி 0 என்று நிற்கிறது. மொட்டைமாடியிலும் அதே கதை. எஃப்.எம். இரைச்சலோடு வருகிறது, இயர்போனைப் பிடுங்கிவிட்டு புளூடூத் ஹெட்செட் போட்டால் அதுவும் போச்சு. சத்தம் அப்பா காதுக்குப் பத்தவில்லை. கடிகாரம் 00:00-லேயே நிற்கிறது. கார்டில் ஏற்றிய பாட்டு வரிசை மாறி ஓடுகிறது, பாட்டின் பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

"மாப்பிள்ளை நல்ல பொட்டியாத்தான் வாங்கியிருப்பார், உனக்குத்தான் திருகத் தெரியலை" என்கிறார் அப்பா. திருகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை, எல்லாம் பட்டன். மச்சான் கிளம்புவதற்குள் மாற்றித்தரச் சொல்லலாமா?

பட்டன்_பாண்டி:
ஃபேக்டரி ரீசெட் கொடுங்க ப்ரோ, அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட். பாதி அதிலேயே சரியாகிடும்.

அலைவரிசை936:
ரீசெட்டெல்லாம் வேண்டாம், பீஸ் நல்லாத்தான் இருக்கு. இந்தியாவில் டி.ஏ.பி. ஒலிபரப்பே கிடையாது. அது 174-லிருந்து 240 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தேடும். நம்ம ஊரில் அந்த இடத்தில் ரேடியோ நிலையம் எதுவும் இல்லை. மொட்டைமாடி இல்லை, பெரிய கோயில் விமானத்து மேலே ஏறினாலும் 0-தான் வரும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நார்வே மாதிரி நாடுகளில்தான் அதற்கு வேலை. நார்வேயில் 2017-லேயே தேசிய நிலையங்களை எஃப்.எம்.மிலிருந்து எடுத்து டி.ஏ.பி.க்கு மாற்றிவிட்டார்கள்.

கடிகாரமும் அதனால்தான். டி.ஏ.பி. சிக்னலில் நேரமும் சேர்ந்து வரும், அதைப் பார்த்து தானாகவே சரிசெய்துகொள்ளும். சிக்னலே இல்லாத ஊரில் அது என்ன செய்யும்? மெனுவில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு கையால் வையுங்கள்.

இனி எஃப்.எம். விஷயம். ஏரியல் இல்லாத இந்த மாதிரி ரேடியோவில் இயர்போன் வயர்தான் ஏரியல். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். வயரைச் சுருட்டிப் பையில் போடாமல் அந்த நீளத்துக்காவது தொங்கவிடுங்கள். புளூடூத் போட்டால் வயர் போய்விடுகிறது, அதோடு நிலையமும் போய்விடுகிறது. மெனுவில் ஸ்டீரியோவை மோனோ ஆக்கினால் இரைச்சல் பாதியாவது அடங்கும். ஒரே வேலையில் இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் இல்லை. சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்காதீர்கள், அதுவும் இரைச்சல் கிளப்பும். மலிவு எல்.இ.டி. பல்பு பக்கத்தில் எரிந்தாலும் தொல்லைதான்.

கும்மோணத்துக்காரன்:
மோனோ வைத்ததும் நல்ல வித்தியாசம், நன்றி சார். கடிகாரமும் ஓடுகிறது. ஆனால் அப்பா 100.5-ல் கொடைக்கானல் கேட்கிறார். ஸ்கேன் 100.3-ல் காரைக்காலைப் பிடித்து நின்றுவிடுகிறது. கையால் 100.5-க்கு நகர்த்தினாலும் காரைக்காலே கசிகிறது.

அலைவரிசை936:
கும்பகோணத்தில் அது கஷ்டம். காரைக்கால் உங்களுக்குப் பக்கம், கொடைக்கானல் தூரம். இரண்டுக்கும் நடுவில் 0.2 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பக்கத்து நிலையம் பலமாக இருக்கும்போது சின்ன ரேடியோவால் பிரித்தெடுக்க முடியாது. காரைக்காலும் ஆகாசவாணிதானே, அதையே பிரீசெட்டில் வைத்துக் கொடுங்கள். திருச்சி ரெயின்போ எஃப்.எம். 102.1-ஐயும் மொட்டைமாடியில் ஒருமுறை தேடிப்பாருங்கள்.

அப்பா கேட்கும் திருச்சி நிலையம் மத்திய அலை (ஏ.எம்.) 936 கிலோஹெர்ட்ஸ் என்றால், இந்த ரேடியோவில் அதற்கு வழியே இல்லை. இதில் மத்திய அலைப் பகுதியே கிடையாது.

ஹைவே_ராசா:
இந்தியாவில் டிஜிட்டல் ரேடியோ இல்லைன்னா என் காரில் டிஜிட்டல்னு காட்டுதே, அது என்ன?

அலைவரிசை936:
அது டி.ஆர்.எம்., வேறு முறை. ஆகாசவாணி தேர்ந்தெடுத்தது அதைத்தான். மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களிலேயே டிஜிட்டலாக அனுப்புகிறார்கள். இங்கே விற்கும் பல கார்களில் அதற்கான ரிசீவர் வருகிறது. டி.ஏ.பி. ரேடியோவுக்கு டி.ஆர்.எம். புரியாது, டி.ஆர்.எம். ரேடியோவுக்கு டி.ஏ.பி. புரியாது. கடைக்காரர் இரண்டுக்கும் 'டிஜிட்டல் ரேடியோ' என்று ஒரே பெயர் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம்.

வெம்ப்ளிவாசி:
மச்சானைத் திட்டாதீங்க, இங்கே அது அருமையா ஓடியிருக்கும். சத்தம் குறைவுக்கு நான் சொல்கிறேன். ஐரோப்பாவில் விற்கும் கையடக்க பிளேயர்களில் காதைக் காப்பாற்ற ஒலி வரம்பு வைத்திருப்பார்கள். 85 டெசிபெல் தாண்டினால் எச்சரிக்கை வரும், 'சரி' அழுத்தினால்தான் மேலே ஏறும். பெரியவர் அந்தச் செய்தியைப் பார்த்து பயந்து வெளியே வந்திருப்பார். செட்டிங்ஸில் 'வால்யூம் லிமிட்' என்று இருக்கும், அதைத் தேடுங்கள். வரம்பை எடுத்துவிட்டு முழுச் சத்தத்தில் மணிக்கணக்காகக் கேட்கவிடாதீர்கள். காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும்.

கார்டு_கந்தசாமி:
பாட்டு விஷயத்துக்கு வருவோம். கார்டு எத்தனை ஜி.பி.? கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றினீர்கள்?

கும்மோணத்துக்காரன்:
32 ஜி.பி., ஃபார்மட் ஃபேட்32 என்று காட்டுகிறது. எல்லாப் பாட்டையும் மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டேன். சில பாட்டு ஓடவே இல்லை.

கார்டு_கந்தசாமி:
32 என்றால் நல்லதாப் போச்சு. 64 வாங்கியிருந்தால் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வந்திருக்கும், பல சின்ன பிளேயர்கள் அதைத் திறக்கவே திறக்காது.

வரிசை மாறக் காரணம், இந்த மாதிரி பிளேயர் அகரவரிசை பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். கார்டைக் காலி செய்துவிட்டு ஒரு ஃபோல்டர் முடிந்த பிறகு அடுத்த ஃபோல்டர் என்று ஏற்றுங்கள். ஃபைல் பெயருக்கு முன்னால் 001, 002 என்று மூன்று இலக்கம் போடுங்கள். வெறும் 1, 2 போட்டால், பெயர் பார்த்து அடுக்கும் பிளேயரில் 1-க்கு அப்புறம் 10 வந்து நிற்கும்.

கட்டம் கட்டமாக வருவது தமிழ் எழுத்துரு உள்ளே இல்லாததால். ஃபைல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றினால் போதாது. திரையில் தெரிவது பாட்டுக்குள் பதிந்திருக்கும் பெயர்க் குறிப்பு, அதாவது டேக். எம்பி3டேக் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியாக மாற்றலாம். ஓடாத பாட்டுகளின் ஃபைல் பெயரில் புள்ளிக்கு அப்புறம் வரும் வால் எழுத்தைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஓபஸ் ஃபைலாக இருக்கும். அதை எம்பி3 ஆக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். பாட்டு ஆப்பில் டவுன்லோடு செய்தது அந்த ஆப்புக்கு வெளியே ஓடாது, அதில் மெனக்கெடாதீர்கள்.

கும்மோணத்துக்காரன்:
சத்தம் சரியாகிவிட்டது, எச்சரிக்கைக்கு 'சரி' கொடுக்காமல்தான் விட்டிருக்கிறார். பாட்டும் வரிசையாக ஓடுகிறது. ஓடாததெல்லாம் ஓபஸ்தான், மாற்றிக்கொண்டிருக்கிறேன். இனி 936 மட்டும் பாக்கி. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பையன் வருகிறான், மத்திய அலை உள்ள டிஜிட்டல் டியூனிங் ரேடியோ ஒன்று வாங்கிவரச் சொல்லட்டுமா?

அலைவரிசை936:
சொல்லாதீர்கள்! அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும், நமக்கு 9. அங்கே விற்கும் ரேடியோவில் 930-க்கு அப்புறம் 940 வரும், 936-ல் நிற்காது. சென்னை 720 இரண்டு கணக்கிலும் வரும் என்பதால், சென்னைக்காரர் யாராவது "எனக்கு நல்லா எடுக்குதே" என்பார், நம்பிவிடாதீர்கள். 9, 10 மாற்றும் வசதி இருந்தால் மட்டும் வாங்கலாம். சில மாடலில் அது மெனுவில் இருக்கும், சிலதில் பேட்டரி மூடிக்கு உள்ளே குட்டி ஸ்விட்சாக இருக்கும். இல்லையென்றால் இங்கேயே ஊசி நகரும் சாதா ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுங்கள், அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. அப்பா கேட்ட மாதிரி திருகவும் செய்யலாம்.