காலையில் கிரீச் சத்தம்: ஃபேன் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

பன்னேர்கட்டா_பெட்ரோல்

வணக்கம். வண்டி 2014 ஹோண்டா சிட்டி, 1.5 பெட்ரோல், மேனுவல் கியர், 92,000 கி.மீ. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்து நாலைந்து விநாடியில் அடங்கிவிடுகிறது. மழை பெய்த மறுநாள் கொஞ்சம் தூக்கல். ஏசி போட்டால் மறுபடி லேசாகத் தலைகாட்டுகிறது. பேட்டரி விளக்கு எரியவில்லை, இன்ஜின் சூடேறவும் இல்லை.

பெல்ட் வண்டியோடு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு வெடிப்பும் கண்ணில் படவில்லை. அப்படியிருக்க மாற்றத்தான் வேண்டுமா? கராஜில் பெல்ட்டோடு டென்ஷனரையும் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கை) மாற்றச் சொல்கிறார்கள், அது தேவையா? ஸ்பேனர் செட், சாக்கெட் செட், வண்டியோடு வந்த ஜாக் இருக்கிறது. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நானே செய்துவிட முடியுமா?

ஸ்பேனர்_சாமி

வெடிப்பு இல்லை என்பதை வைத்து பெல்ட் நல்லது என்று சொல்ல முடியாது சார். பழைய நியோபிரீன் பெல்ட்தான் காய்ந்து வெடிக்கும். இப்போது வருவது பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். அது எளிதில் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். வரிகளுக்கு (பெல்ட்டில் நீளவாக்கில் ஓடும் மேடுகள்) நடுவில் உள்ள பள்ளம் அகன்றுகொண்டே போகும், பெல்ட் புல்லிக்குள் (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரம்) ஆழமாக உட்காரும், பக்கவாட்டுப் பிடி போய்விடும். பிறகு லோடு ஏறும்போதெல்லாம் வழுக்கும். காலையில் பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு லோடில் ஓடும், அதனால்தான் அந்த நாலைந்து விநாடி.

முதலில் தண்ணீர் சோதனை. இன்ஜின் ஐட்லிங்கில் சத்தம் வரும்போது, ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். கை, சட்டை நுனி, ஐடி கார்டு கயிறு எதுவும் கிட்டே போகக் கூடாது. சத்தம் கூடினால் வழுக்கல்: பெல்ட் தேய்ந்திருக்கிறது அல்லது டென்ஷன் குறைவு. சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. இரண்டாவது வகைக்குப் புது பெல்ட் போட்டாலும் கொஞ்ச நாளில் சத்தம் திரும்பிவிடும்.

சத்தத்தை அடக்கும் பெல்ட் ஸ்பிரே, டபிள்யூடி-40 எதையும் அடிக்காதீர்கள். தூசியைப் பிடித்து வைத்து பெல்ட்டையும் புல்லியையும் சேர்த்துத் தின்னும்.

ஜேசி_ரோடு_வாசி

மழை நாளில் கூடுகிறது, ஏசி போட்டால் வருகிறது என்றால் பெரும்பாலும் வழுக்கல்தான். 92,000-க்கு அந்த பெல்ட் உழைத்தது போதும், மாற்றிவிடுங்கள்.

பெல்ட் வாங்கும்போது கார் பெயரைச் சொல்லி வாங்காமல், பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 6பிகே1200 என்று இருந்தால் 6 வரி, 1200 மி.மீ. நீளம் (இது உதாரணம்தான், உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கும்). எண் அழிந்திருந்தால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் கேளுங்கள். கேட்ஸ், கான்டினென்டல், பாஷ், நம்ம மதுரையில் ஆலை வைத்திருக்கும் ஃபென்னர், எதுவானாலும் சரி. பெங்களூரு ஜே.சி. ரோட்டுக் கடைகளில் அசலும் கிடைக்கும், அசல் மாதிரி அட்டைப்பெட்டியும் கிடைக்கும். பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

வேலை இப்படி. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள், தாளிலும் வரைந்துகொள்ளுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டிரைவர் பக்க முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கவரை நீக்கினால் கிராங்க் புல்லி (இன்ஜின் நேரடியாகச் சுழற்றும் கீழ்ப் புல்லி) தெரியும். அந்த கிளிப்புகள் பழசாகி உடையும், நாலைந்து புதுசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டென்ஷனரில் சரியான அளவு ரிங் ஸ்பேனரையோ சாக்கெட்டையோ மாட்டி, நீளக் கைப்பிடியோடு மெதுவாகத் திருப்பினால் பெல்ட் தளரும். ஓபன் ஸ்பேனர் வேண்டாம், நழுவினால் விரல் போகும். தளர்ந்ததும் மேலே கைக்கு எட்டும் புல்லியிலிருந்து பெல்ட்டை எடுத்துவிட்டு, டென்ஷனரை மெல்லத் திரும்ப விடுங்கள். சடாரென்று விட்டால் உள்ளே அதிர்வை அடக்கும் டேம்பர் கெடும்.

புது பெல்ட்டைப் பழையதோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். வரி எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், பழையது ஒரு பொடி நீளமாக இருந்தால் தப்பில்லை. வரியுள்ள பக்கம் வரிப் புல்லிக்கு, வழவழ முதுகு வழவழப் புல்லிக்கு. கிராங்க் புல்லியில் தொடங்கி, எட்டுவதற்குச் சுலபமான புல்லியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேலிருந்து டென்ஷனரைப் பிடிக்க, இன்னொருவர் கீழிருந்து மாட்டினால் கால் மணி நேர வேலை. தனியாகச் செய்தால் பொறுமை வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம். ஒவ்வொரு புல்லியிலும் பெல்ட்டின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே தொங்கினாலும் உட்கார்ந்த மாதிரியேதான் தெரியும், கீழே கிராங்க் புல்லியில் கண்ணுக்கு எட்டவே எட்டாது. அப்படியே ஓட்டினால் அந்த வரி நூல் நூலாகப் பிய்ந்து வரும். பிறகு நியூட்ரலில் போட்டு, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, கடிகார திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி எல்லாப் புல்லியையும் தடவிப் பாருங்கள். அதற்கப்புறம்தான் பேட்டரி நெகட்டிவைத் திரும்ப மாட்டி, சாவி. முதலில் பத்து விநாடி ஓட்டி அணைத்துப் பாருங்கள், அடுத்து ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு.

பன்னேர்கட்டா_பெட்ரோல்

ரொம்ப நன்றி சார். தண்ணீர் அடித்ததும் சத்தம் கூடியது, அப்போ வழுக்கல்தான். டென்ஷனர் விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை.

மல்லேஸ்வரம்_மெக்

கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள், டென்ஷனரே சொல்லிவிடும். சிட்டியின் டென்ஷனரில் ஒரு முள்ளும் அளவுக் குறியும் உண்டு. பழைய பெல்ட் மாட்டியிருக்கும்போதே முள் குறிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். வெளியே போயிருந்தால் முதல் சந்தேகம் பெல்ட் மேல். புது பெல்ட் போட்டும் உள்ளே வராவிட்டால், ஒன்று பெல்ட் நீளம் தவறு, இல்லாவிட்டால் டென்ஷனர் போச்சு. இன்ஜின் ஓடும்போது அதன் கை படபடவென்று ஆடினாலும், ஸ்பேனரால் திருப்பும்போது ஒரே சீராக வராமல் சிக்கிச் சிக்கி வந்தாலும் மாற்றிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் வீண் செலவு.

பெல்ட் இல்லாத அந்தப் பத்து நிமிஷத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போச்சு. டென்ஷனர் புல்லி ஒரு தட்டுக்கு நிற்காமல் சர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தாலும் நல்லதில்லை, உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பம்ப் அடியில் கூலன்ட் காய்ந்த படிவம் தெரிந்தால் பம்பையும் இப்போதே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அதற்கும் இதே பெல்ட்டைத்தான் கழற்ற வேண்டும். பழைய பெல்ட்டில் ஆயில் கறை இருந்தால் கசிவை அடைக்காமல் புது பெல்ட் போடாதீர்கள். புல்லிப் பள்ளங்களில் ரப்பர் பொடி அப்பியிருக்கும், பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் போட்டு எடுங்கள்.

ஜாக் பற்றி யாரும் சொல்லவில்லை. வண்டியோடு வரும் ஜாக் ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான், அதை நம்பி தலையை உள்ளே நீட்டாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் ஒன்று போடுங்கள், கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல். பேஸ்மெண்டின் சரிவுப் பாதையில் வேண்டவே வேண்டாம், சமதளமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

அல்சூர்_ஆட்டோ

வேறு வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். சில வண்டிகளில் டென்ஷனரே கிடையாது, ஸ்ட்ரெச் பெல்ட். பழையதை வெட்டி எடுத்து, புதியதை அதற்கான டூலால் ஏற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உள்நூல் அறுந்துவிடும். சிலவற்றில் ஆல்டர்னேட்டரை நகர்த்தி டென்ஷன் வைக்க வேண்டும். அங்கே மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்குத்தான் பெல்ட் அமுங்க வேண்டும், சத்தம் வரக்கூடாது என்று இறுக்கிவிட்டால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

கேட்டவருக்கு ஒன்று. இந்த சிட்டியில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. ஸ்டியரிங் எலக்ட்ரிக் என்பதால் பெல்ட் அறுந்தாலும் உடனே கனக்காது, பேட்டரி விளக்கு மட்டும் எரியும். சில்க் போர்டு நெரிசலில் அதைப் பார்த்துவிட்டு "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் கூலன்ட் கொதித்து ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல்) போகும். ஓரம் கட்டி அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.