பழைய மங்கி ஐலண்ட் புது லேப்டாப்பில் ஓடுமா?

ஹட்டன்காரன்:
1990இல் வந்த முதல் மங்கி ஐலண்ட் கேமை மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் விளையாடினேன். அதில் வாள்சண்டைக்கு வாள் வீசத் தெரியவேண்டாம், எதிராளியின் வசவுக்குச் சரியான பதில் வசவு தெரிந்தால் போதும். அதற்காகவே இங்கிலீஷ் படித்தேன் என்று சொல்லலாம்! வசவுகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகி, பாதிப் பக்கம் நீலமாகக் கரைந்துவிட்டது. சிடி மட்டும் பத்திரமாக இருக்கிறது, ஆனால் புது லேப்டாப்பில் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

பண்டாரவளை அக்கா:
ஸ்கம்விஎம் போடுங்க தம்பி, பழைய கேம்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கிற சாஃப்ட்வேர், இலவசம். சிடியில் உள்ள ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் கொப்பி பண்ணி, 'ஆட் கேம்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்க. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை இயக்கிய டாஸ் தேவையில்லை. போனிலும் ஓடும்.

மழைக்காலம்:
எனக்குப் பழைய கேம் என்றால் ஃபைனல் ஃபேண்டஸி 7தான். பிளேஸ்டேஷனுக்கு மூன்று டிஸ்க். ஆட்டத்தைச் சேமிக்கிற சேவ் பாயிண்டுக்கு இரண்டடி முன்னால் கரண்ட் போகும், பாருங்க! முதல் டிஸ்க் முடிவில் கதையில் வரும் ஏரித் செத்தபோது அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், நான் போகவில்லை.

ஹட்டன்காரன்:
அக்கா, ஓடுது! கொப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.